பன்னிரண்டு ராத்தல் மணல்

1913 ஜனவரி 6, திங்கள்

தினம் ஒரு வரியாவது எழுது என்று பாதிரியார் வீட்டம்மா சொல்லியிருக்கிறார். இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான். எழுதினால் நெஞ்சு லேசாகுமாம். நான் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். என் எழுத்து பெரிது, இதில் விட்டிருக்கும் இடம் சிறிது. பார்ப்போம்.

இன்றிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் காலையில் வருகிறார்கள். அடையாற்றங்கரையில் அவர்களுடைய படகுக் கொட்டகை இருக்கிறது. அதன் பின்னாலிருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் யேசுவடியான் தச்சர். போன ஜூலையில்தான் இங்கே வந்தோம். கொட்டகைக்குக் காவலும் அவர்தான், படகுகளுக்கு மராமத்தும் அவர்தான். மார்ச் எட்டாம் தேதி எதிர்க்கல்லூரியோடு பந்தயம். அதுவரை பிள்ளைகள் துடுப்புப் போட்டுவிட்டுக் கரையேறியதும் அவர்களுக்குச் சாப்பாடு நான் செய்ய வேண்டும் என்று கணக்குப் பேராசிரியர் துரை ஏற்பாடு செய்திருக்கிறார். முட்டை, ரொட்டி, கறி சூப்பு.

பந்தயப் படகு நீளமாக, ஒல்லியாக இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கொக்கு என்கிறார்கள். நான்கு பேர் துடுப்பு. ஐந்தாவது ஆள் கடைசியில் உட்கார்ந்து சுக்கான் பிடித்துக்கொண்டு சத்தம் கொடுக்கிறான். அவனுக்குப் பெயர் காக்ஸ். துடுப்புக்காரர்கள் நாலு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள். வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

"இது என்னங்க கூத்து?" என்றேன்.

"அப்படி உக்காந்தாத்தான் இழுக்க முடியும், பாக்கியம்" என்றார் இவர்.

முன்னால் பார்க்கிறவன் காக்ஸ் ஒருவன்தான். இந்த வருஷம் அவன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, வேதமாணிக்கம். நம் வேதக்காரன்தான், கிறிஸ்தவன். விடுதியில் தங்கிப் படிக்கிறான். எலும்பும் தோலுமாக இருக்கிறான். முட்டையில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

தட்டில் மிச்சம் வைத்தால் எனக்குப் பிடிக்காது.

ஜனவரி 7, செவ்வாய்

விறகு ஈரம். ஒரே புகை.

ஜனவரி 9, வியாழன்

விறகு மண்டியிலிருந்து பெரிய தராசு வாங்கி வந்து கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பலகையில் குந்தினார்கள். ஹபீபுல்லா என்று ஒருவன், திருவல்லிக்கேணிப் பிள்ளை. வாய் மூடவே மூடாது. கேப்டன் துளசிங்க முதலியார் பலகையில் ஏறியதும், "மீசையக் கழட்டித் தனியா நிறுங்கப்பா, அதுவே ஒரு ராத்தல் இருக்கும்" என்றான். கேப்டனுக்கு உண்மையிலேயே அப்படி ஒரு மீசை. மெழுகு தடவி முறுக்கி வைத்திருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

காக்ஸ் ஏறினபோதுதான் விஷயம் வந்தது. இரண்டு கல்லூரிக்கும் ஒரு விதி உண்டாம். காக்ஸ் நூறு ராத்தலாவது இருக்க வேண்டும். குறைந்தால், குறைகிற அளவுக்கு ஒரு பையில் மணலை அடைத்துப் படகில் வைத்துக்கொள்ள வேண்டும். நூறுக்கு மேலே போனால் யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் அந்தச் சுமையைத் துடுப்புப் போடுகிறவர்கள்தான் இழுக்க வேண்டும். மாணிக்கம் எண்பத்தெட்டு.

"பன்னெண்டு ராத்தல் மணல். ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் கேப்டன். "மணல் அடியில கெடக்கும். ஆடாது, தும்மாது."

மாணிக்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. பை தைத்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். தருகிறேன் என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

பை தைத்தேன். பெட்டியில் ஒரு துணி கிடந்தது. கெட்டியான சீட்டித் துணி, மஞ்சள் பூப் போட்டது. சும்மா கிடப்பதற்கு இதற்காவது ஆகட்டும் என்று எடுத்தேன். இரட்டைத் தையல் போட்டேன். ஆற்று மணலை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, சல்லடையில் சலித்தேன். சர்க்கரை மாதிரி வெள்ளையாக வந்தது.

சாயங்காலம் இவர் உள்ளே வந்தார். என் மடியில் இருந்த துணியைப் பார்த்தார். வெளியே போய்ப் படகுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். அந்தப் படகுக்கு நேற்றுத்தான் எண்ணெய் போட்டிருந்தார்.

ராத்திரி, "சாப்டியா?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

பூப்போட்ட பையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். ஹபீபுல்லா அதைக் குழந்தை மாதிரித் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே படகுக்குக் கொண்டுபோனான். "இன்னாடா பாக்குறீங்க? பாப்பா தூங்குது, சத்தம் போடாதீங்க" என்றான். அதிலிருந்து பைக்குப் பாப்பா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மாணிக்கத்தின் காலுக்கு நடுவே பாப்பா உட்கார்ந்துகொண்டு போகிறது. கரையிலிருந்து பார்த்தால் மஞ்சள் தெரிகிறது. படகு அய்யப்பன் தோட்டத்து வளைவில் திரும்புகிற வரைக்கும் தெரிகிறது.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். கேப்டனுக்கு மட்டும் வீட்டிலிருந்து வேலைக்காரன் தூக்குச்சட்டியில் பலகாரம் கொண்டுவருவான். அவர் எங்கள் கையால் சாப்பிடுகிற வழக்கமில்லை. மற்ற மூன்று பேர், ஹபீபுல்லா, நாராயண மேனன், பெரைரா, சட்டியை வழித்துத் துடைக்கிறார்கள். மாணிக்கம் மட்டும் இன்றும் பாதி.

கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் தம்பி, என் சமையல் பிடிக்கலையா?"

"அய்யோ, இல்லக்கா. போன வருஷத்துக் காக்ஸ் சொன்னாரு, சாப்பிட ஆரம்பிச்சா சீட்டு போயிடும்னு."

"பன்னெண்டு ராத்தல் மணலைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறே. அந்த இடத்துல சோத்தை வச்சுக்கிட்டுப் போனா என்ன?"

அவன் யோசித்தான். பசித்தவன் யோசிக்கிற மாதிரி யோசித்தான். சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் பாடம் படிக்க வருகிறவன்தான், கேழ்வரகுக் களியும் மடவை மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். முதல் வாயைப் போட்டுவிட்டு, "நீங்க சாப்பிடலியாக்கா?" என்றான்.

"அப்புறம்."

"அப்ப நானும் அப்புறம்."

பிடிவாதக்காரன். அவனுக்கு எதிரே உட்கார்ந்து நானும் கொஞ்சம் சாப்பிட்டேன். குழம்பில் புளி தூக்கலாகத்தான் இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

மாணிக்கம் ஒரு ராத்தல் ஏறியிருக்கிறான். பையிலிருந்து ஒரு ராத்தல் மணலைக் கொட்டினார்கள். அதை ஒரு மண்பானையில் பிடித்து வைத்தேன். கழுவிச் சலித்த மணல், வீணாக்க மனசு வரவில்லை.

ஜனவரி 23, வியாழன்

தினமும் சாயங்காலம் வருகிறான். விடுதியில் சோற்றை அளந்துதான் போடுகிறார்களாம். இங்கே அளப்பதில்லை. நேற்று இறால், இன்று நெய் விட்ட பருப்புக் கஞ்சி. அவனுக்கு அப்பா இல்லை, அம்மா ஊரில் பள்ளிக்கூட ஆயாவாக இருக்கிறாள். பேச்சுவாக்கில், "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேருக்கா?" என்றான். என்னவோ சொன்னேன். அடுப்பில் ஏதோ பொங்கிற்று.

ஜனவரி 27, திங்கள்

இன்று பையிலிருந்து இரண்டு கை நிறைய மணலை எடுத்தார்கள். பை தொளதொளவென்று ஆகிவிட்டது. ஹபீபுல்லா அதைத் தூக்கிப் பார்த்து, "அய்யய்யோ, பாப்பா இளைச்சுட்டா!" என்றான்.

நான் உள்ளே போய்விட்டேன். கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து இன்னொரு தடவை கழுவினேன்.

பிறகு சரியாகிவிட்டது. மாணிக்கத்தின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. சத்தமும் கணீரென்று வருகிறது. முன்பெல்லாம் படகு வளைவில் திரும்பினதும் அவன் குரல் கேட்காது. இப்போது "இழு! இழு!" என்பது அறைக்குள்ளேயே கேட்கிறது. சைக்கிளில் கரையோடு வருகிற துரைகூட ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அதைக் கேட்டாராம்.

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடியும் மணல் எடுத்தார்கள். போன வாரம் மணல் போட்டு வைத்த பானையைப் பார்த்தேன், காலியாக இருந்தது. இவரைக் கேட்டேன்.

"அந்த மணல் எங்கங்க?"

"ஒரு வேலைக்கு எடுத்தேன்."

துடுப்புக் கட்டையைத் தேய்க்க எடுத்திருப்பார். சரி, இன்றைய மணலையும் அதே பானையில் போட்டு வைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

சாம்பல் புதன். லெந்து நோன்பு நாட்கள் ஆரம்பம். ஆராதனை முடிந்ததும் இவர் கோவிலுக்குப் பின்பக்கம் போனார். அங்கேதான் கல்லறைத் தோட்டம். நான் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டேன். நவம்பருக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று மழை. குழிக்குள்ளே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மேடு அமுங்கிப் போயிருக்கும். நான் பார்க்க வேண்டாம்.

வேப்பமரம் துளிர்விட்டிருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

பாப்பா தரையோடு தரையாகப் போய்விட்டாள். மாணிக்கம் தொண்ணூற்றெட்டு. பையில் இருப்பது இரண்டு கைப்பிடி. மற்றவர்களுக்கு வேடிக்கை, கேப்டனுக்கு வேடிக்கை இல்லை.

"டேய், என்னத்தடா தின்றே? விடுதிச் சோத்துல இப்படி எவனும் ஊதினதில்லையே!"

மாணிக்கம் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல பிள்ளை.

நான் ஏன் நிறுத்தவில்லை என்று இப்போது எழுதும்போது கேட்டுக்கொள்கிறேன். இன்று சாயங்காலமும் அவனுக்குப் புட்டு வைத்தேன். தட்டு காலியாகிற சத்தம் இருக்கிறதே, அது எனக்குக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

நூற்றிரண்டு.

கேப்டன் காலிப் பையை உத்தரத்தின் மேல் வீசிவிட்டார். "வர்ற திங்கக்கிழமை நூறுக்கு மேல ஒரு அவுன்ஸ் இருந்தாலும் நீ கரையில நிப்பே. முதல் வருஷத்துல ஒருத்தன் இருக்கான், குருவி மாதிரி. அவன உக்கார வெச்சுடுவேன்" என்றார். மாணிக்கம் தலையை மட்டும் ஆட்டினான். இந்தப் பந்தயத்தில் உட்கார்ந்தவன் என்று பெயர் எடுத்தால்தான் அடுத்த வருஷம் அவனுக்குக் கல்லூரியிலேயே தங்க இடமும் சாப்பாடும் இலவசமாகக் கிடைக்குமாம். மேனன் சொல்லித்தான் இன்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இத்தனை நாளும் என்னிடம் அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கேப்டனிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். "தம்பி மேல குத்தமில்லைங்கய்யா. நான்தான் போட்டேன். தினம் போட்டேன்."

அவர் மீசையை முறுக்கினார். "எதிர் காலேஜ்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான், சொல்லுங்க" என்றார்.

கேலியா கோபமா என்று தெரியவில்லை. அந்த மீசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிப்ரவரி 20, வியாழன்

மாணிக்கம் சாயங்காலம் வருவதில்லை. காலையிலும் தட்டைத் தொடுவதில்லை. "லெந்துக்கா, விரதம் இருக்கேன்" என்கிறான். எந்த லெந்து இது, தண்ணீர்கூடக் குடிக்காமல்?

பிப்ரவரி 22, சனி

இன்றும் தொடவில்லை. முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் படகுக்குப் போனான். நான் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சலோமிக்கும் முட்டைதான் பிடிக்கும். எட்டு வயது. காய்ச்சல் வந்த பிறகு முதலில் முட்டை வேண்டாம் என்றாள். பிறகு சோறு வேண்டாம் என்றாள். பிறகு கஞ்சித்தண்ணீர். உதட்டில் துளித்துளியாக விட்டேன், அது ஓரமாக வழிந்துவிட்டது. தலையணை நனைந்தது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டினேன்.

எழுதியாகிவிட்டது. பாதிரியார் வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டும், லேசாகவெல்லாம் இல்லை என்று.

நானும் சாப்பிடவில்லை. இவர் என் தட்டையும் பார்த்தார், அடுப்பையும் பார்த்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

நிறைய எழுத வேண்டும்.

காலையில் தராசில் மாணிக்கம் தொண்ணூற்றொன்பது. கேப்டன் முதுகில் தட்டிக்கொடுத்தார். படகு போயிற்று. வளைவுக்கு அந்தப் பக்கம் போனதும் அவன் சத்தம் நின்றுவிட்டது. கேட்காத தூரம் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் துரை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது.

சுக்கானைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்திருக்கிறான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற நாலு பேருக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதே. முழு வேகத்தில் மணல்திட்டில் ஏற்றிவிட்டார்கள். கொக்கின் மூக்கு ஒரு சாண் பிளந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, பெரைராவுக்கு முழங்கை சிராய்ப்பு.

அவனைத் தூக்கிவந்து எங்கள் அறைப் பாயில்தான் கிடத்தினார்கள். அதே இடம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இவர்தான் தலையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சித்தண்ணீர் புகட்டினார். இறங்கிற்று. தொண்டை அசைவதை நான் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "படகுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான்.

வாசலில் நின்ற கேப்டன், "இப்படி மயக்கம் போட்டு விழுறவன எப்படிய்யா உக்கார வெக்கிறது? அந்த முதல் வருஷத்துப் பையனையே கூப்பிட வேண்டியதுதான்" என்றார்.

அப்போது இவர் பேசினார். இந்த வீட்டில் அவ்வளவு பேச்சு நான் கேட்டதில்லை.

"ஐயா, உங்க பந்தயம் எனக்குத் தெரியாது. படகு தெரியும், அஞ்சு நாள்ல ஒட்டித் தந்துடறேன். ஆனா இந்தப் பாயில நவம்பர் மாசம் எங்க பொண்ணு சாப்பிடாமக் கெடந்தா. இன்னொரு பிள்ளை சாப்பிடாமக் கெடக்குறத இவளால பாக்க முடியாது. என்னாலயும் முடியாது. நீங்க மேல வீசினீங்களே ஒரு பை, அது எங்க பொண்ணோட பாவாடை."

ஹபீபுல்லா சட்டென்று வெளியே போய் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டான். எத்தனை தடவை அவன் பாப்பா பாப்பா என்றிருப்பான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மேனன் சொன்னான்: "முதலியாரே, போன வாரம் ஒரு நாளாவது இவன்றெ சத்தம் உமக்குக் கேட்டதோ? எனக்குக் கேக்கலை. ஊமையைப் பின்னால உக்கார வச்ச மாதிரி இருந்தது."

கேப்டன் கொட்டகைக்குள் போனார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் எல்லாரும் வந்து வரிசையாக நின்றார்கள். ஹபீபுல்லாவின் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் வாய் திரும்பிவிட்டது.

"பாக்கியம்மா, நாங்க தீர்மானம் பண்ணிட்டோம். மாணிக்கம் சாப்பிடட்டும். அவன் நூறுக்கு மேல எவ்வளவு ஏர்றானோ, அத எங்க நாலு பேர் உடம்புலேர்ந்து குறைச்சுக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம். பெரைரா வெண்ணெய விடுறான். நான் பிரியாணிய விடுறேன், அல்லா மன்னிக்கணும்."

"முதலியார் ஐயா?" என்றேன்.

"அவரு எத விடப்போறாருன்னு சொல்லமாட்டேங்குறாரு."

துரையும் சம்மதித்துவிட்டாராம். மயங்கிக் கிடக்கிற காக்ஸைவிடக் கனமான சாமான் படகில் வேறு இல்லை என்றாராம்.

மாணிக்கம் தட்டோடு உட்கார்ந்தான். "நீங்க?" என்றான். நானும் உட்கார்ந்தேன்.

மார்ச் 1, சனி

இவர் கொக்கின் மூக்கை ஒட்டிவிட்டார். தேக்குப் பட்டை வைத்து, செப்பு ஆணி அடித்து, வார்னிஷ் பூசியாகிவிட்டது. தடவிப் பார்த்தேன், ஒட்டின இடம் கைக்குத் தட்டுப்படவில்லை. வார்னிஷ் வாசனையில் அறை முழுக்க மணக்கிறது.

மார்ச் 3, திங்கள்

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. கேப்டன் மீசையை எடுத்துவிட்டார். மீசை இல்லாத முகம் பதினாறு வயசுப் பையன் முகமாக இருக்கிறது. முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. துரைகூட, "யார் இந்தப் புதுப் பையன்?" என்று கேட்டாராம்.

ஹபீபுல்லா தராசுப் பலகையில் பூ மாதிரி உள்ளங்கையை வைத்து, "மீசை எங்க? அதக் கொண்டாந்தீங்களா? நிறுக்கணுமே" என்றான்.

"போடா" என்றார் கேப்டன். சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று கோணல் என்று இன்றுதான் தெரிந்தது.

மாணிக்கம் நூற்றுமூன்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நாளைக்குப் பந்தயம். கேப்டன் உத்தரத்தில் ஏறி ஏதோ தேடினார். பிறகு என்னிடம் வந்தார். கையில் அந்தப் பை. தூசு தட்டி நாலாக மடித்திருந்தார்.

"இத நாளைக்குப் படகுல வெச்சுக்கலாமா? காலியாத்தான் இருக்கும். மாணிக்கம் கால்கிட்ட." என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பாப்பா இல்லாம நாங்க ஒரு நாளும் நல்லா இழுத்ததில்ல."

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு கூப்பிட்டு வாங்கி, ஓரத்தில் பிரிந்திருந்த தையலைப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 8, சனி

கரை முழுக்க ஜனங்கள். எதிர்க்கல்லூரிப் பிள்ளைகள் சிவப்பு பனியன், நம் பிள்ளைகள் வெள்ளை. பாலத்திலிருந்து நம் கொட்டகை வரைக்கும் பந்தயம். சுண்டல்காரன், பலூன்காரன் எல்லாரும் வந்துவிட்டார்கள். நானும் இவரும் படித்துறையில் நின்றோம்.

வெடிச்சத்தம் கேட்டது. வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வளைவில் முதலில் சிவப்புத்தான் வந்தது. ஒரு படகு நீளம் முன்னால். இவர் என் கையைப் பிடித்தார், ஊருக்கு நடுவில்.

அப்போது மாணிக்கத்தின் குரல் வந்தது. அது அந்த உடம்பிலிருந்துதான் வருகிறதா என்று கரையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இழு! இழு! இப்ப இழு!" களியும் மீனும் புட்டும் எல்லாம் சேர்ந்து கத்துகிற மாதிரி இருந்தது. நாலு துடுப்பும் ஒரே துடுப்பாக விழுந்தன. சிவப்புக்காரர்களின் காக்ஸ் குருவி மாதிரி கீச்சென்றான், அவன் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காது. கொட்டகைக்கு எதிரே வரும்போது கொக்கின் மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும்தான். இவர் ஒட்டின மூக்கு.

நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. தொண்டை இன்னும் கரகரவென்கிறது.

அப்புறம் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. படகைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இறங்கினார்கள். நாலு பேருமாக மாணிக்கத்தைக் கையும் காலுமாகத் தூக்கினார்கள். தோளில் வைத்து ஆடப்போகிறார்கள் என்று பார்த்தால், ஊஞ்சல் மாதிரி இரண்டு ஆட்டு ஆட்டி ஆற்றில் வீசிவிட்டார்கள்!

நான் புடவையோடு தண்ணீரில் இறங்கிவிட்டேன். "அடப்பாவிகளா, பிள்ளைய!" என்று இடுப்பளவுக்குப் போய்விட்டேன். கரை முழுக்கச் சிரிப்பு. மாணிக்கம் நாலு கை தள்ளித் தலையை நீட்டி, தண்ணீரைத் துப்பி, "அக்கா, அக்கா, இது வழக்கம்க்கா! ஜெயிச்சா காக்ஸைத் தூக்கிப் போடணும்!" என்கிறான்.

"இந்த வழக்கத்த எவன்டா வச்சான்?" என்று அவன் ஈர முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். சதைப்பற்றான முதுகு. நல்ல சத்தம் கேட்டது. அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. இவர் படித்துறையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார்.

எல்லாரும் அறைக்கு வந்தார்கள். கேப்டனின் தூக்கு வந்து ஓரமாக இருந்தது. அதைத் தொடாமல், "என்ன குழம்பு?" என்றார்.

"மடவை மீனுங்க" என்றேன்.

"ஒரு தட்டு குடுங்க."

"மீசையோட ஆசாரமும் போச்சு!" என்றான் ஹபீபுல்லா. கேப்டன் அவன் மேல் ஒரு மீன்முள்ளை எறிந்தார். இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டார்.

போகும்போது ஹபீபுல்லா தயங்கித் தயங்கி வந்தான். "பாக்கியம்மா, அந்தப் பைய எங்களுக்கே குடுத்துடுவீங்களா? அடுத்த வருஷம் காக்ஸ் யாரா இருந்தாலும் அது போகணும். வருஷா வருஷம் போகணும்."

"அவளுக்கு ஆத்துல போறதுன்னா ரொம்பப் பிடிக்கும்" என்றேன். நவம்பருக்குப் பிறகு அவளைப் பற்றி நான் வெளியாளிடம் சொன்ன முதல் பேச்சு இது.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்தது. இவர் வழக்கம்போலப் பின்பக்கம் நடந்தார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். பிறகு பின்னாலேயே போனேன்.

மேடு அமுங்கியிருக்கவில்லை. மேலே மணல். சர்க்கரை மாதிரி வெள்ளை மணல். ஓரங்கள் தச்சுவேலை மாதிரி நேராக, கையால் தட்டித் தட்டிச் சரிசெய்யப்பட்டிருந்தன. மூன்று தண்ணீர் விட்டு நான் கழுவின மணல் எனக்குத் தெரியாதா?

"துடுப்பு தேய்க்க எடுத்தீங்கன்னு நினைச்சேன்."

"ம்."

"ஒவ்வொரு வாரமுமா கொண்டாந்தீங்க?"

"மழையில ரொம்ப எறங்கிப் போச்சு, பாக்கியம். அவளோட பையில இருந்துதானே வந்துது. வேற எங்க கொண்டு போறது?"

உட்கார்ந்தேன். மணல் வெயிலில் சுட்டது, நல்ல சூடு. ஒரு காய்ந்த இலை கிடந்தது, எடுத்துப் போட்டேன். பானையில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது, அடுத்த ஞாயிறு நானே கொண்டுவருகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

பந்தயம் முடிந்துவிட்டது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். விறகை வெயிலில் பரப்பினேன். பாயைத் துவைத்தேன்.

சாயங்காலம் மாணிக்கம் புத்தகத்தோடு வந்து நின்றான். அடுத்த வருஷம் கல்லூரியில் இலவசமாகத் தங்க இடம் கிடைத்துவிட்டதாம், சாப்பாடும் உண்டாம்.

"அப்ப இங்க எதுக்கு வந்தே?" என்றேன்.

"அங்க அளந்து போடுவாங்கக்கா."

மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். முட்டைக் குழம்பு. மூன்று தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். மிச்சம் ஒன்றுமில்லை.